இருபதாயிரத்துக்கு ஒரு சைக்கிள் டிரவுசரா?

கேள்வி: கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 38. இரண்டு வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். வார நாட்களில் மருதமலை, ஞாயிறு என்றால் ஆனைகட்டி அல்லது பொள்ளாச்சி. ஜனவரியில் 200 கிலோமீட்டர் பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டலாம் என்று ஆசை. என்னிடம் இருப்பது ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு வாங்கிய, உட்காரும் இடத்தில் மெத்தை (பேட்) வைத்த ஷார்ட்ஸ். உள்ளே வழக்கமான உள்ளாடை. மேலே, வீட்டில் அத்தைக்காக ஒரு ட்ராக் பேன்ட். அறுபது கிலோமீட்டர் தாண்டினால் எரிகிறது. இரண்டு முறை கொப்புளமே வந்துவிட்டது. "ரஃபா, அசோஸ் மாதிரி வெளிநாட்டு பிராண்டில் நல்லதாக ஒன்று வாங்குங்கள்" என்கிறார்கள் சைக்கிள் குழுவில். லண்டனில் இருக்கும் நாத்தனார் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். 195 பவுண்டுக்கு ஒரு பிப் ஷார்ட்ஸ் (தோளில் மாட்டும் பட்டை வைத்தது), 90 பவுண்டுக்கு ஒரு ஜெர்சி இரண்டின் படத்தையும் அனுப்பி, வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். கணவர் சிரிக்கிறார். என்னால் 35,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். வாங்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில் எழுதுபவர் திருப்பூரில் விளையாட்டு உடைகள் தைக்கும் நிறுவனமொன்றில் பேட்டர்ன், சாம்பிள் பிரிவைக் கவனிப்பவர், சைக்கிள் ஓட்டுபவர்.

அன்புள்ள வாசகிக்கு,

நாத்தனாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். விலை அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை. இப்போது போடுகிற விதத்திலேயே அந்த 195 பவுண்டு ஷார்ட்ஸையும் போட்டால், அறுபதாவது கிலோமீட்டரில் அதே இடத்தில் அதே எரிச்சல்தான் வரும்.

பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது. விற்கிற கடையில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பெண்களிடம் சொல்லவே மாட்டார்கள். நமக்கும் கேட்கக் கூச்சம். இப்படியே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பேட் நேராகத் தோலின் மேல் படுவதற்காகவே செய்யப்பட்டது. தோல் படும் பக்கத்தில் உறுத்துகிற தையல் வராதபடி அதை அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். நடுவில் ஒரு பருத்தி உள்ளாடை நுழைந்தால், அதன் கால் எலாஸ்டிக்கும் மடிப்புத் தையலும் உட்காரும் எலும்புக்கும் சீட்டுக்கும் இடையில் போய் மாட்டிக்கொள்கின்றன. சும்மா மடித்து வைத்திருக்கும்போதே பருத்தி நூல் காற்றிலிருந்து சுமார் எட்டரை சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. வியர்த்ததும் பருத்தி ஊறும், ஊறினபடியே இருக்கும். கூடவே தோலும் ஊறி இளகிப்போகும். நிமிடத்துக்கு எண்பது சுற்று பெடல் போடும்போது அந்த எலாஸ்டிக் ஓரம் எண்பது தடவை ஒரே இடத்தில் அரைக்கிறது. கொப்புளம் வராமல் என்ன செய்யும்?

ட்ராக் பேன்ட்டும் இதில் கூட்டாளிதான். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: முன்பக்க, பின்பக்கத் தையலும் இரண்டு கால் தையலும் ஒன்றாக வந்து சேரும் முடிச்சு, நீங்கள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும். அத்தையின் மனசும் நோக வேண்டாம் என்றால் முழங்காலுக்குக் கீழே இறங்கும் முக்கால் டைட்ஸ் பேடோடு கிடைக்கிறது. அதற்கு மேல் இடுப்புக்குக் கீழே வருகிற தளர்ந்த ஜெர்சி போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் மெல்லிய ரன்னிங் ஷார்ட்ஸ் ஒன்றை மேலே போட்டுக்கொண்டு கிளம்பி, வடவள்ளியைத் தாண்டியதும் கழற்றி முதுகுப் பாக்கெட்டில் செருகிக்கொள்ளலாம். எங்கள் குழுவில் பாதிப் பெண்கள் செய்வது இதைத்தான்.

இந்த இரண்டையும் விட்டுவிட்டு, இருக்கிற 1,400 ரூபாய் ஷார்ட்ஸிலேயே அடுத்த ஞாயிறு ஆனைகட்டி போய் வாருங்கள். பேட் படும் இடத்தில் கொஞ்சம் ஷாமி கிரீம் தடவிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் பேட் என்பது ஷாமுவா என்கிற மலையாட்டின் தோல். துவைத்துக் காய்ந்தால் அப்பளமாக விறைக்கும், அதை இளக்கத்தான் கிரீம் வந்தது. இப்போதைய செயற்கை பேடுக்கு அது தேவையில்லை, நம் தோலுக்கு உரசல் குறைய உதவுகிறது. ஓட்டி முடித்ததும் ஈர ஷார்ட்ஸோடு டிபன் கடையில் உட்காராதீர்கள். கொப்புளம் கட்டியாகத் திரண்டு வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ துணியைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் சீட். பைக்கோடு வந்த சீட்டே இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன், மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை. உங்கள் உட்காரும் எலும்புகளின் அகலம் பைக் கம்பெனிக்குத் தெரியாது. வீட்டிலேயே அளந்துவிடலாம். அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு அட்டையை வெட்டி, கைப்பிடி இல்லாத மர முக்காலியில் போட்டு அதன் மேல் முன்னால் குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழுந்திருக்கும். இரண்டு குழிகளின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தோடு சுமார் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்தால், தேட வேண்டிய சீட்டின் அகலம் தெரியும். சீட் உயரம் அதிகமாக இருந்தாலும் ஒவ்வொரு பெடலுக்கும் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடி உரசும். பின்னால் வருகிற நண்பரிடம் கேட்டால் ஆடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். சீட் பொருந்தாதவருக்கு உலகத்தில் எந்தக் கம்பெனி பேடும் உதவாது.

சரி, இதெல்லாம் சீரான பிறகு விலை கூடிய ஷார்ட்ஸில் வித்தியாசம் தெரியுமா? தெரியும். 1,400 ரூபாயிலிருந்து நாலாயிரம், ஐயாயிரத்துக்குப் போகும்போது நன்றாகவே தெரியும். ஐயாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்குப் போகும்போது கொஞ்சம் தெரியும், சிலருக்குத் தெரியாமலும் போகும். ஏன் என்று சொல்கிறேன், இது எங்கள் மேஜையில் தினமும் நடக்கிற கணக்கு.

சாம்பிள் வந்தால் நாங்கள் முதலில் செய்வது அதை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடுவது. வெளிப்பக்கம் லோகோ, கலர் எல்லாம் விற்பவருக்காக, உள்பக்கம்தான் போடுகிறவருக்கு. துணியை இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடிப்போம். மலிவான ஷார்ட்ஸ் துணி சாதாரண சர்குலர் மெஷினில் பின்னியது, லைக்ரா பத்து சதவீதம் இருந்தாலே பெரிது; இழுத்தால் வெளுத்து, அந்தப் பக்கம் விரல் தெரியும். குனிந்து ஓட்டும்போது பின்னால் வருகிறவருக்கும் அப்படித்தான் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். நல்ல ஷார்ட்ஸ் துணி பெரும்பாலும் வார்ப் நிட், அதாவது நூல் நீளவாக்கில் ஓடும்படி பின்னியது. நைலானோடு எலாஸ்டேன் (லைக்ராவின் பொதுப்பெயர்) இருபது, இருபத்தைந்து சதவீதம் சேர்ந்திருக்கும். இழுத்து விட்டால் சட்டென்று பழைய அளவுக்கு வந்துவிடும். அந்தப் பிடிப்புதான் பேடை நகராமல் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. பேட் நகராவிட்டால் உரசலில் பாதி போய்விடும். ஆகவே லேபிளில் படிக்க வேண்டியது எலாஸ்டேன் எத்தனை சதவீதம் என்பதை. குழுவின் பெயரை வண்ணமாக அச்சடித்த ஷார்ட்ஸ் என்றால் பெரும்பாலும் பாலியஸ்டராக இருக்கும், சூட்டில் சாயம் ஏற்றும் சப்ளிமேஷன் பிரிண்ட் அதில்தான் ஏறும். சீட்டில் தேய்வதைத் தாங்குவதில் நைலான் ஒரு படி மேல். கருப்பே போதும்.

அடுத்தது பேட். ஏமாறுகிற இடம் இது. 'ஜெல்', '3டி', '9டி' என்றெல்லாம் போட்டு, கட்டைவிரல் தடிமனுக்கு இருக்கும். கடையில் அழுத்திப் பார்த்தால் மெத்தென்று சுகமாக இருக்கும். அந்தச் சுகம் ஒரு மணி நேரத்துக்குத்தான். அடர்த்தி குறைந்த ஃபோம் உடல் எடையில் நசுங்கித் தட்டையாகிவிடும், அப்புறம் நீங்கள் உட்கார்ந்திருப்பது நேராகச் சீட்டின் மேல்தான். நீண்ட தூரத்துக்கான பேடில் எலும்பு படும் இடத்தில் மட்டும் கனமீட்டருக்கு 100, 120 கிலோ அடர்த்தியுள்ள ஃபோம் வைத்திருப்பார்கள். மற்ற இடமெல்லாம் மெல்லிசு. அது கையில் எடுத்தால் கொஞ்சம் கட்டியாகவே இருக்கும். பேடின் பின்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முழு பலத்தோடு நசுக்குங்கள். இரண்டு விரலும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

விலை கூடின ஷார்ட்ஸ்காரர்கள் இந்தப் பேடைத் தாங்களே செய்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல பிராண்டுகள் வெளியில்தான் வாங்குகின்றன. இத்தாலியின் எலாஸ்டிக் இன்டர்ஃபேஸ் அப்படிப் பல பிராண்டுகளுக்குப் பேட் கொடுக்கும் கம்பெனி. நடுத்தர விலை ஷார்ட்ஸில் அவர்கள் பெயர் இருந்தால் நல்ல அறிகுறி. அசோஸ் போல, பேடின் இரண்டு ஓரத்தையும் துணியோடு தைக்காமல் விட்டு, காலசைவுக்கு இடம் கொடுக்கிற வேலைப்பாடும் உண்டு. 1976இல் சுவிட்சர்லாந்தில் ஆரம்பித்த கம்பெனி அது, லைக்ரா ஷார்ட்ஸை சைக்கிள்காரர்களுக்குப் பழக்கியவர்களில் அவர்களும் உண்டு. அந்த மாதிரி வேலைக்குக் கூலியும் நேரமும் அதிகம்தான், மறுக்கவில்லை.

ஆனால் 195 பவுண்டும் அதற்கே போவதில்லை. முதலில் அதற்குள் 20 சதவீத வாட் வரி இருக்கிறது. அதுவே 32 பவுண்டு 50 பென்ஸ். வெளிநாடு போகிறவர்களுக்கு அதைத் திருப்பித் தரும் ஏற்பாட்டை லண்டனில் 2021 முதல் நிறுத்திவிட்டார்கள், அதனால் நாத்தனாருக்கும் கிடைக்காது. மிச்சத்தில் கடை வாடகை, விளம்பரம், டூர் டி பிரான்ஸ் அணிகளுக்குக் கொடுக்கும் ஸ்பான்சர், விற்காமல் தள்ளுபடிக்குப் போகும் சரக்கு. இதெல்லாம் போகத்தான் துணி, பேட், தையல். எங்கள் ஊர் வாசலை விட்டுக் கிளம்புகிற டி-ஷர்ட்டுக்கும் இதே கதைதான். ஐரோப்பாவில் தொங்கும் விலைச்சீட்டைப் பார்த்தால் தைத்த டெய்லருக்கு மயக்கம் வரும்.

எல்லாவற்றையும்விட எனக்கு இதில் பெரிய தயக்கம் பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான அளவு மாதிரி. எந்தப் பிராண்டும் ஒரு குறிப்பிட்ட உடம்பை வைத்துத்தான் முதல் பேட்டர்னை வெட்டுகிறது. அதிலிருந்து சிறிதும் பெரிதுமாக மற்ற சைஸ்கள் வரும். அந்த முதல் உடம்பு ஒல்லியான, இடுப்புக்கும் தொடைக்கும் வித்தியாசம் குறைந்த ஐரோப்பியப் பெண்ணுடையதாக இருந்தால், உங்களுக்கு இடுப்பு சரியாக இருக்கும்போது தொடை பிடிக்கும், தொடை சரியென்றால் இடுப்பு தொளதொளக்கும். பேட் ஒரு விரலளவு பின்னாலோ முன்னாலோ போனாலும் அத்தனை பொறியியலும் வீண். போட்டுப் பார்க்காமல் இது தெரியவே தெரியாது. லண்டனில் வாங்கி கோவையில் போட்டுப் பார்த்து, சரியில்லை என்றால் யார் எடுத்துக்கொண்டு போய் மாற்றுவது? அந்தக் கம்பெனிகள் கொடுக்கும் பழுதுபார்ப்பு, மாற்றித் தருகிற சேவை எல்லாம் உண்மையிலேயே அருமை, விழுந்து கிழிந்தால் தைத்தே தருகிற பிராண்டும் உண்டு. விலையில் அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். இங்கே இருந்துகொண்டு அதை அனுபவிக்க முடிவதில்லை.

போட்டுப் பார்க்கக் கூடிய இடத்தில் வாங்குங்கள். கோவையிலேயே டெக்காத்லான் இருக்கிறது, அவர்களிடம் பெண்களுக்கான சைக்கிள் ஷார்ட்ஸ் உண்டு. சைக்கிள் கடைகளில் நம் நாட்டு பிராண்டுகளும் கிடைக்கின்றன. மூவாயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்குள் பாருங்கள். பெண்களுக்கானதையே கேளுங்கள், அதில் பேட் பின்னால் அகலமாகவும் முன்னால் குட்டையாகவும் வெட்டியிருப்பார்கள். ட்ரையல் ரூம் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று முடிவு செய்யாதீர்கள். நல்ல சைக்கிள் ஷார்ட்ஸ் நின்றால் அசிங்கமாகத்தான் இருக்கும்: முன்னால் சுருங்கும், பட்டை தோளை இழுக்கும். ஹேண்டில் பிடிக்கிற மாதிரி குனியுங்கள். அப்போது சுருக்கமெல்லாம் மறைந்து, பட்டை தளர்ந்து, பேட் ஒட்டி உட்கார்ந்தால் அதுதான் உங்கள் சைஸ். கடையில் பைக் இருந்தால் ஏறி உட்கார்ந்தே பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். கால் முடிவில் உள்பக்கம் சிலிக்கோன் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் வெயிலில் சிலருக்கு அது அரிக்கும், அகலமான எலாஸ்டிக் துணிப்பட்டை நல்லது.

பிப் வேண்டுமா, இடுப்பு ஷார்ட்ஸ் போதுமா? தோள்பட்டை வைத்த பிப்பில் வயிற்றில் எலாஸ்டிக் அழுத்தாது, பேடும் கீழே இறங்காது. ஆனால் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க் கழிப்பறையில், வியர்வையில் ஒட்டின ஜெர்சியை முழுக்கக் கழற்றி, பட்டையை இறக்கி, ஈரத் தரையில் படாமல் பிடித்துக்கொண்டு நிற்பது என்ன பாடு என்று பெண்களுக்குத்தான் தெரியும். அந்தப் பயத்தில் தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது இன்னும் ஆபத்து. இதற்காகவே பின்பக்கம் மட்டும் இறக்கிக்கொள்ளும்படியும், கொக்கி கழற்றும்படியும் பெண்களுக்கான பிப்கள் வருகின்றன. அதிகக் காசு கொடுப்பதில் எனக்கு முழு சம்மதம் உள்ள இடம் இது ஒன்றுதான், ஏனென்றால் அந்த வடிவங்கள் சரியாக வேலை செய்வது பெரும்பாலும் விலை கூடின ஷார்ட்ஸில்தான். முதல் பிஆர்எம்முக்கு, வயிற்றை அழுத்தாத அகலமான இடுப்புப்பட்டை வைத்த ஷார்ட்ஸே உங்களுக்குப் போதும் என்பது என் எண்ணம்.

ஜெர்சிக்கு 90 பவுண்டு வேண்டாம், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இறுக்கமான ஜெர்சியின் பெரிய லாபம் காற்றைக் கிழிப்பது. அது முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கில் வரும். 200 பிஆர்எம்முக்குக் கொடுக்கும் நேரம் பதிமூன்றரை மணி. சராசரி மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருந்தால் போதும். எடை குறைந்த பாலியஸ்டர் துணி, முழு ஜிப், தொங்கிப்போகாத மூன்று பாக்கெட், இது போதும். இங்கே திருப்பூரில் குழுக்களுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜெர்சியே ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறில் முடிந்துவிடும். காற்றில் ஈரம் ஏறிய நாளில் வியர்வை ஆவியாகாமல் சொட்டத்தான் செய்யும், தொண்ணூறு பவுண்டு துணியிலும் சொட்டும். வெளிர் நிறமாக வாங்குங்கள். இருட்டில் ஓட்ட நேர்ந்தால் பிஆர்எம்மில் ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட் கட்டாயம், அதற்குச் சில நூறு ரூபாய்தான்.

இருபதாயிரம் ஷார்ட்ஸ் யாருக்கு என்றால், வாரம் இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டி, 400, 600 கிலோமீட்டர் பிஆர்எம் என்று போய், எந்த பிராண்டின் எந்த சைஸ் தனக்குப் பொருந்தும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு. இரவெல்லாம் சீட்டில் இருக்கிறவருக்கு அந்தக் கடைசிக் கொஞ்ச வித்தியாசம் பெரிய வித்தியாசம். நீங்களும் அங்கே வரலாம். உங்கள் குழுவினர் சொல்வது பொய்யில்லை. அவர்கள் உடம்புக்கு, அவர்கள் தூரத்துக்கு அது உண்மை.

இப்போது உங்கள் பணத்தை இப்படிப் பிரிப்பேன். சீட்டுக்கு ஐந்தாயிரம். ஷார்ட்ஸ் ஒரே மாதிரி இரண்டு, பத்தாயிரத்துக்குள். ஒன்றை ஓட்டி வந்ததும் அலசிப் போட்டு, அடுத்த நாள் இன்னொன்று. துவைக்காத ஷார்ட்ஸை மறுபடி போடுவதுதான் கொப்புளத்துக்கு நேர்வழி. குளிர்ந்த தண்ணீரில், சாதாரண சோப்புத் தூளில் துவைத்தால் போதும். கம்ஃபர்ட் மாதிரி மணத் திரவம் ஊற்றினால் துணி வியர்வையை உறிஞ்சிக் கடத்தும் குணம் போய்விடும். பிளீச்சிங்கும் மொட்டை மாடி உச்சி வெயிலும் எலாஸ்டேனைக் கொன்றுவிடும், உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் கட்டுங்கள். ஜெர்சி இரண்டுக்கு மூவாயிரம். கிட்டத்தட்ட பாதிப் பணம் இன்னும் கையில் இருக்கும். பைக் ஃபிட் (உடம்பின் அளவுக்கு ஏற்ப பைக்கைச் சரிசெய்வது) ஒன்று செய்துகொள்ளுங்கள், அதற்கும் மிஞ்சும்.

நாத்தனார் ஆசையாகக் கேட்கிறார், எதுவுமே வேண்டாம் என்றால் வருத்தப்படுவார். நல்ல ஷாமி கிரீம் ஒரு டப்பாவும், சைஸ் பிரச்சினை அதிகம் இல்லாத மெரினோ கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடியும் வாங்கி வரச் சொல்லுங்கள். நீங்களே எப்போதாவது லண்டன் போனால், சீசன் முடிந்து தள்ளுபடி போடும் சமயமாகப் பார்த்துக் கடைக்குள் போய், குனிந்து நிமிர்ந்து போட்டுப் பார்த்து வாங்கலாம். அங்கே எண்டுரா என்ற ஸ்காட்லாந்து பிராண்டையும் பாருங்கள். சில மாடல்களில் பேடின் அகலத்தையே நாம் தேர்ந்தெடுக்கலாம், விலையும் அவ்வளவு பயமுறுத்தாது. அட்டையில் எடுத்த அளவு அப்போது உதவும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.